ஐந்தாம் மாத ஸ்கேனில் பிள்ளைக்கு இடது கிட்னி வீக்கம் என்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தங்கச்சிமடத்தான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் தங்கச்சிமடம், தொழில் விசைப்படகு. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கரையில் இருக்கிறேன். அதனால்தான் இந்த முறை மனைவியோடு ஸ்கேனுக்கு நானும் போக முடிந்தது. எங்களுக்கு இது முதல் பிள்ளை. 21 வாரம் முடிந்திருக்கிறது.

ராமநாதபுரத்தில் ஒரு தனியார் சென்டரில் எடுத்தோம். தலை, முதுகெலும்பு, இதயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்த டாக்டர் வயிற்றுப் பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்து அளந்தார். கடைசியில் "இடது கிட்னி கொஞ்சம் வீங்கியிருக்கு, உங்க டாக்டர்ட்ட காட்டிக்கங்க" என்றார். அவ்வளவுதான். வெளியே கூட்டம் நெருக்கியது, அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ரிப்போர்ட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். இடது சிறுநீரக பெல்விஸ் முன்பின் அளவு 7.8 மி.மீ., வலது 3.2 மி.மீ. இரண்டு பக்கமும் கார்ட்டெக்ஸ் நார்மல். யூரேட்டர் விரியவில்லை. மூத்திரப்பை நார்மல். பனிக்குட நீர் போதுமான அளவு. 4 முதல் 6 வாரத்தில் மறு ஸ்கேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஆளுக்கொரு தீர்ப்பு. "மூணாம் மாசம் நண்டு வேணாம்னு சொன்னேனே, கேட்டாளா" என்கிறார் அம்மா. கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாள் என்று மாமியாருக்குச் சந்தேகம், அதுவும் பெற்ற மகள் மேலேயே. பக்கத்து வீட்டு அக்கா பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுவந்து, தினமும் இரண்டு சொம்பு குடித்தால் வடிந்துவிடும் என்கிறார். படகில் கூட வரும் பையன் போனில் எதையோ படித்துவிட்டு, ஆண் பிள்ளை என்றால்தான் ஆபத்து, டயாலிசிஸ் வரை போகும் என்று சொல்லிவிட்டான். பெரியப்பா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்பவே ஒரு முடிவெடுத்துட்டாத் தேவலை" என்று இழுத்தார். இதை மனைவியிடம் நான் சொல்லவில்லை. அவள் ஏற்கனவே ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.

பிள்ளைக்கு உள்ளே வலிக்குமா? கிட்னி போய்விட்டதா, இல்லை இனிமேல்தான் போகுமா? ஆணா பெண்ணா என்று கேட்டால் டாக்டர் சொல்வாரா? ஆபரேஷன் பிரசவம்தான் ஆகுமா? மதுரைக்குப் போக வேண்டும் என்றால் ஜூன் 14க்குள் போய்விட்டு வர வேண்டும், அப்புறம் படகு கடலுக்கு இறங்கிவிடும். தடைக்கால நிவாரணம் வந்த வேகத்தில் வட்டிக்குப் போய்விட்டது. இதை அனுபவித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கீழக்கரைக்காரி எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் அம்மாவிடம் நண்டு நிரபராதி என்று சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் பழி தண்ணீர் மேல் விழுந்தது. கீழக்கரைத் தண்ணீர் உப்பு, அதைக் குடித்துத்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று என் மாமி ஒரே பேச்சாக இருந்தார்கள். ஊரே குடிதண்ணீரை விலைக்கு வாங்கித்தான் குடிக்கிறது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. நண்டும் இல்லை, உப்பும் இல்லை, கிரகணமும் இல்லை. பிள்ளை உருவாகும்போது மூத்திரக் குழாய் ஓர் இடத்தில் சரியாக அமையவில்லை, அல்லது இன்னும் முழுதாக அமைந்து முடியவில்லை. உங்கள் மனைவி தின்றதற்கும் குடித்ததற்கும் அதில் பங்கே கிடையாது. இதை நீங்கள் வாயால் சொல்லுங்கள் தம்பி. என்னிடம் அந்த ஒரு வார்த்தையை வீட்டில் யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் காத்திருந்திருக்கிறேன். பார்லித் தண்ணீர் பிடித்தால் குடிக்கட்டும், வெயிலுக்கு நல்லது. அதனால் பிள்ளையின் கிட்னி வடியாது.

என் மகனுக்கு இப்போது ஆறு வயது. அவனுக்கும் இடது பக்கம்தான். 20ஆவது வாரத்தில் 9 மி.மீ. என்று வந்தது. அவன் வாப்பா அப்போது துபாயில். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு நான் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆகவே உங்கள் நிலைமை தெரியும்.

எனக்குப் புரியவைத்தவர் மதுரையில் இருந்த குழந்தை அறுவை சிகிச்சை டாக்டர். அவர் சொன்னதை என் பேச்சில் சொல்கிறேன். கிட்னியில் ஊறும் மூத்திரம் முதலில் ஒரு சின்னத் தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து குழாய் வழியாகப் பைக்கு இறங்குகிறது. அந்தத் தொட்டிதான் உங்கள் ரிப்போர்ட்டில் பெல்விஸ் என்று இருப்பது. அதில் நீர் தேங்கி எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதுதான் 7.8. நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டிலாவது இது தென்படும் என்றார். 28 வாரத்துக்கு முன்னால் 4 மி.மீ. வரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 4க்கும் 7க்கும் நடுவில் இருந்தால் லேசான வீக்கம். 7ஐத் தாண்டினால் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். 28 வாரத்துக்கு அப்புறம் பிள்ளை பெரிதாகிவிடுவதால் இதே கோடுகள் 7 என்றும் 10 என்றும் நகர்ந்துவிடும். உங்களுடையது கோட்டைச் சற்றே தாண்டி நிற்கிறது, அதனால்தான் மறு ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். லேசாக இருப்பவற்றில் பெரும்பாலானவை பிறக்கும் முன்போ, பிறந்து ஓரிரு வருடத்திலோ தானாக வடிந்துவிடும்.

ஆனால் 7.8ஐ மட்டும் பிடித்துத் தொங்காதீர்கள். அந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் வரிகள்தான் எங்கள் டாக்டர் முதலில் படித்தவை. வலது பக்கம் சரி. கார்ட்டெக்ஸ், அதாவது வேலை செய்யும் சதை, சரி. குழாய் விரியவில்லை. பை சரி. பனிக்குட நீர் போதுமானது. அந்தக் கடைசி வரியை உங்கள் மனைவிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள். 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரில் பெரும்பங்கு பிள்ளை கழிக்கும் மூத்திரம்தான். நீர் நிறைய இருக்கிறது என்றால் கிட்னி வேலை செய்கிறது, மூத்திரம் வெளியே வருகிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கும்வரை பிள்ளையின் ரத்தத்தைச் சுத்தம் செய்வது நச்சுக்கொடி, அதனால் இந்த வீக்கத்தால் பிள்ளை உள்ளே நோயாளியாகக் கிடக்கிறது என்று கற்பனை செய்ய வேண்டாம். வலிக்குமா என்று நானும் கேட்டேன். இல்லை என்றார்.

இரண்டு பக்கமும் வீங்கி, பையும் பெருத்து, நீரும் குறைந்துபோனால் அது வேறு கதை. அப்போது இந்தப் பேச்செல்லாம் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள், அன்றைக்கே பெரிய இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். உங்களை 4 வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

எங்கள் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களுடையது தானாக வடியாத வகை. 32 வாரத்தில் 14 ஆனது. சுகப்பிரசவம். 3.2 கிலோ, ரோஜாப்பூ நிறம், பால் குடித்த குடியில் நர்ஸே சிரித்தார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "இந்தப் பிள்ளைக்கா கிட்னி கோளாறு? ஸ்கேன்காரன் பொய் சொல்லிருக்கான்" என்றார்கள். அதற்காக நாங்கள் விடவில்லை. பிறந்து ஐந்தாம் நாள் ஸ்கேனில் 17, ஆறாம் வாரத்தில் 22. அப்புறம் இரண்டு பரிசோதனை. ஒன்று, மூத்திரத் துவாரத்தில் மெல்லிய குழாய் விட்டு மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே, எம்.சி.யு. என்பார்கள். பையிலிருந்து மூத்திரம் மேலே திரும்பி ஏறுகிறதா என்று பார்ப்பது. அது இல்லை என்று வந்தது. அந்தப் பரிசோதனை முடியும்வரை காய்ச்சல் வராமலிருக்க ராத்திரிக்கு ஒரு சின்ன அளவு ஆன்டிபயாட்டிக் சொட்டு கொடுத்தார்கள், அப்புறம் நிறுத்திவிட்டார்கள். இன்னொன்று டி.டி.பி.ஏ. ஸ்கேன். ஊசியில் மிகக் கொஞ்சம் கதிரியக்க மருந்து ஏற்றி, எந்தக் கிட்னி எவ்வளவு பங்கு வேலை செய்கிறது, எவ்வளவு சீக்கிரம் வடிகிறது என்று கணக்குப் பார்ப்பது. இடது 36 சதவீதம் என்று வந்தது. 40க்குக் கீழே போனால் ஆபரேஷன் செய்ய யோசிக்க மாட்டோம் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார்.

ஐந்தாம் மாதம் மதுரையில் ஆபரேஷன். தொட்டியும் குழாயும் சேரும் இடத்தில் இருந்த சுருக்கத்தை வெட்டி எடுத்துவிட்டுத் திரும்ப இணைத்துத் தைப்பது, பைலோபிளாஸ்டி என்று பெயர். உள்ளே ஒரு சின்ன ஸ்டென்ட் குழாய் வைத்து, சில வாரம் கழித்து அதை எடுத்தார்கள். என்கூடப் பிறந்த காக்கா, அதாவது அண்ணன்தான் எல்லாவற்றுக்கும் ஓடினார். இப்போது ஒன்றாம் வகுப்பு போகிறான், வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன், மற்றபடி வீட்டில் ஒரு பொருள் உடையாமல் இல்லை.

நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் எம்.சி.யு. எடுக்கப் போன அன்று வராந்தாவில் பார்த்த ஒரு பெண். சாயல்குடி பக்கம். எட்டு மாதப் பெண் குழந்தை. கர்ப்பத்தில் இதே மாதிரிதான் ஸ்கேனில் சொல்லியிருக்கிறார்கள், 10 மி.மீ. என்று. பிறந்ததும் பிள்ளை கொழுகொழுவென்று இருந்ததால் மறுபடி ஸ்கேனே எடுக்கவில்லை. அப்புறம் அடிக்கடி காய்ச்சல். பல் முளைக்கிற காய்ச்சல் என்று மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கடைசியில் மூத்திரத்தைக் கல்ச்சருக்குக் கொடுத்துப் பார்த்தபோதுதான் கிருமித் தொற்று என்று தெரிந்திருக்கிறது, அதற்குள் கிட்னியில் தழும்பு விழுந்துவிட்டது. அந்தப் பெண் என்னிடம் "வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியலையேக்கா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதனால் தம்பி, இப்போது நீங்கள் படும் பயத்தில் முக்கால்வாசியை விட்டுவிடுங்கள். மீதிக் கால்வாசியைப் பிள்ளை பிறந்த பிறகுக்கு எடுத்து வையுங்கள். அப்போதுதான் எல்லாரும் "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்வார்கள், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

உச்சிப்புளியார் எழுதியது:

பயப்படாதீங்க சகோ. என் தங்கச்சி பிள்ளைக்கும் இதேதான் சொன்னார்கள், 8 மி.மீ. என்று. ஏழாம் மாதம் வரை அழுதுகொண்டிருந்தாள். பிறந்ததும் ஒன்றுமே இல்லை, இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் முதல் பரிசு. இந்தக் காலத்தில் மெஷின் கூடிப்போனதால் எதையாவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஆத்தாமார் காலத்தில் ஸ்கேனா இருந்தது? அலையாதீங்க, காசும் மிச்சம்.

கீழக்கரைக்காரி எழுதியது:

அண்ணன், உங்கள் தங்கச்சி பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்பதில் ரொம்பச் சந்தோஷம். ஆனால் ஒன்றும் இல்லை என்று எப்படித் தெரிந்தது? பிறந்ததும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தானே? அதே ஸ்கேனைத் தம்பியும் எடுத்துப் பார்க்கட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். பயப்படாதே என்பதும் அலையாதே என்பதும் ஒன்றில்லை.

ஆத்தாமார் காலத்தைப் பற்றி என் பாட்டியிடம் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். காய்ச்சல் வந்தே இறந்துபோன பிள்ளைகள் அவர்கள் தெருவிலேயே இருந்திருக்கிறார்கள். எதனால் என்று யாருக்கும் தெரியாது. மாந்தம் என்று சொல்லி அடக்கிவிடுவார்களாம்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

மண்டபம் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கீழக்கரைத் தங்கச்சி சொன்னதில் மருத்துவமாக மாற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. விட்டுப்போன சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். 1994ஆம் வருடச் சட்டப்படி சொல்வது மட்டுமல்ல, கேட்பதும் குற்றம். டாக்டருக்கு அதைச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் படகுப் பையன் படித்தது மூத்திரம் வெளியேறும் பாதையில் வால்வு மாதிரி சவ்வு அடைத்துக்கொள்ளும் ஒரு கோளாறைப் பற்றி. அது ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வருவது உண்மைதான். ஆனால் அது இருந்தால் மூத்திரப்பை பெருத்துச் சுவர் தடித்துத் தெரியும், பெரும்பாலும் இரண்டு கிட்னியும் வீங்கும், நீரும் குறையலாம். டாக்டர் அதையெல்லாம் தேடிப் பார்த்துத்தான் மூத்திரப்பை நார்மல் என்று எழுதியிருக்கிறார். வயிற்றுக்குள் இருக்கும்போதே ஊசி, குழாய் வைத்துச் செய்கிற வைத்தியமெல்லாம் அந்த மாதிரி மிகச் சில பிள்ளைகளுக்கு, மிகப் பெரிய இடங்களில் மட்டும். உங்களுக்கு அந்தப் பேச்சே இல்லை.

உங்கள் பெரியப்பா பேச்சுக்கு வருகிறேன். கோபப்படாமல் கேளுங்கள். ஒரு பக்க வீக்கத்துக்காகக் கருவைக் கலைக்கச் சொல்லும் டாக்டரை என் வேலைக்காலத்தில் நான் பார்த்ததில்லை. இரண்டு கிட்னியும் இல்லாமலே போய், பனிக்குட நீர் ஒரு சொட்டும் இல்லாதபோதுதான் அந்தப் பேச்சு வரும். நீர் இல்லாவிட்டால் பிள்ளையின் நுரையீரல் வளராது, பிறந்தாலும் மூச்சு விட முடியாது. அப்படிப்பட்ட குடும்பங்களுக்காகத்தான் 2021இல் சட்டத்தைத் திருத்தி, 24 வாரத்துக்கு மேல் என்றாலும் கடுமையான குறைபாடு இருந்தால் மருத்துவக் குழு பார்த்து முடிவு செய்யலாம் என்று வைத்தார்கள். அது பெற்றவர்கள் அழுதுகொண்டே எடுக்கும் முடிவு. திண்ணையில் உட்கார்ந்து இழுக்கிற பேச்சு இல்லை. மனைவியிடம் சொல்லாமல் இருந்தது நல்லது.

மதுரைக்கு இப்போதே ஓட வேண்டாம். போனாலும் இதே ஸ்கேனை இன்னொரு தடவை எடுப்பார்கள், அவ்வளவுதான். அடுத்த ஸ்கேன் 26, 27 வாரத்தில், அப்புறம் 32 வாரத்தில் ஒன்று. இரண்டும் முடிந்து வீக்கம் கூடியிருந்தால் ஒரு குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது. போகும்போது எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும், படமும், பிக்மி நம்பரும் (கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த எண்) கையில் இருக்கட்டும்.

இந்த வீக்கத்துக்காக ஆபரேஷன் பிரசவமோ, நாள் முன்கூட்டிப் பிரசவமோ தேவையில்லை. ஆனால் குழந்தை டாக்டர் இருக்கும் இடத்தில் பிரசவம் பாருங்கள். ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் உங்களுக்கு 45 கிலோமீட்டர் சுமார்தான். தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்திலேயே "குழந்தைக்கு இடது சிறுநீரக வீக்கம், பிறந்தபின் ஸ்கேன்" என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். வலி வந்து ராத்திரி இரண்டு மணிக்குப் போனால் அங்கே டியூட்டியில் இருப்பவருக்கு உங்கள் கதை தெரியாது. அட்டைதான் பேசும்.

மாத்திரை விஷயம். 20 வாரத்துக்கு அப்புறம் இடுப்பு வலி, பல் வலி என்று மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடும் புரூஃபன், டைக்ளோபினாக் வகை மாத்திரைகள் பிள்ளையின் மூத்திரத்தைக் குறைத்துப் பனிக்குட நீரையும் குறைத்துவிடும். சில பிரஷர் மாத்திரைகளும் அப்படித்தான். டாக்டர் எழுதாமல் எதுவும் வேண்டாம், நாட்டு மருந்துச் சூரணம் உட்பட.

பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இப்போது கரையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்து தருவார்கள். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. தேவைப்படாமலே போகலாம், போகட்டும்.

தொண்டிக்காரன் எழுதியது:

எங்களுடையது இதே மாதிரி இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், யாராவது தேடி வந்தால் உதவும். என் மகளுக்குக் கர்ப்பத்திலேயே வலது கிட்னி முழுக்க நீர்க்கட்டி, திராட்சைக் கொத்து மாதிரி. எம்.சி.டி.கே. என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கிட்னி உருவாகும்போதே கெட்டுப்போனது, அது ஒருநாளும் வேலை செய்யாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு நானும் என் மனைவியும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசாமல் ஊர் வந்து சேர்ந்தோம்.

எங்களுக்கு ஆபரேஷன் எதுவும் செய்யவில்லை. கெட்ட கிட்னி வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வந்து இப்போது ஸ்கேனில் தேட வேண்டியிருக்கிறது. நல்ல கிட்னி இரண்டு பேர் வேலையையும் சேர்த்துப் பார்த்து, வயதுக்கு மீறிப் பெரிதாக வளர்ந்திருக்கிறது. அந்த ஒன்றில் கோளாறு வராமல் காப்பதுதான் எங்கள் வேலை. சின்ன வயதில் மூத்திரம் திரும்பி ஏறுகிறதா என்று பார்த்தார்கள். இப்போது வருடம் ஒருமுறை பிரஷர், மூத்திரத்தில் புரதம், ஸ்கேன். காய்ச்சல் என்றால் முதலில் மூத்திரப் பரிசோதனை, அப்புறம்தான் மற்றது. நான்காம் வகுப்பு படிக்கிறாள், கடலில் நீச்சல் அடிக்கிறாள்.

எனக்கு ஒரே எரிச்சல், விசேஷ வீட்டில் அவளைக் காட்டி "இதுக்கு ஒரு கிட்னிதான்" என்று சொல்கிறவர்கள்மேல். பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இது வந்து நிற்கும் என்று என் அம்மாவே பயப்படுகிறார். அதனால் நண்பா, உங்கள் விஷயத்தை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்லுங்கள். டாக்டரிடம் எல்லாவற்றையும், ஊரிடம் ஒன்றையும் வேண்டாம்.

தங்கச்சிமடத்தான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு நாள் கழித்து வந்து எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். கடல் திறந்த பிறகு நேரமே இல்லை.

அன்றைக்கு ராத்திரியே கீழக்கரை அக்கா எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நிரபராதி என்று வந்த இடத்தில் சிரித்துவிட்டாள். அடுத்த நாள் அம்மா நண்டு வாங்கி வந்தபோது அவளே கேட்டு வாங்கித் தின்றாள்.

27 வாரத்தில் 8.5 இருந்தது. இப்போது 32 வாரம், இடது 11.5, வலது 4. கார்ட்டெக்ஸ், பை, நீர் எல்லாம் சரி. மதுரை போய் குழந்தை அறுவை சிகிச்சை டாக்டரையும் பார்த்துவிட்டோம். படம் வரைந்து காட்டினார். கூடியிருக்கிறது, ஆனால் பிள்ளை வளர்ந்த அளவுக்குத்தான் கூடியிருக்கிறது, பிரசவம் ராமநாதபுரத்திலேயே பாருங்கள், பிறந்த பின் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். அட்டையில் எழுதி வாங்கிவிட்டேன். காப்பீட்டு அட்டையும் கைக்கு வந்துவிட்டது.

இப்போது ஒரு சந்தேகம். சுகப்பிரசவம் என்றால் மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிறார்கள். பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்ப வர வேண்டாமே என்று, பிறந்த அன்றைக்கே ஸ்கேன் எடுத்துவிட்டால் என்ன? மாமியாரும் அதைத்தான் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

வேண்டாம் தம்பி. பிறந்த முதல் இரண்டு நாள் பிள்ளைக்குப் பால் கொஞ்சம்தான் இறங்கும், மூத்திரமும் கொஞ்சமாகத்தான் ஊறும். அப்போது எடுத்தால் வீக்கம் குறைவாகத் தெரியும், சில நேரம் இல்லவே இல்லை என்றுகூட வரும். இரண்டு பக்கமும் வீங்கிய பிள்ளைக்கு, நீர் குறைந்த பிள்ளைக்கு மட்டும்தான் முதல் நாளே அவசரமாக எடுப்பார்கள். உங்களுக்கு 48 மணி நேரம் கழித்து, ஒரு வாரத்துக்குள். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று காலையில் இரண்டு நாள் முழுதாக முடிந்திருந்தால் அங்கேயே கேட்டு எடுத்துக்கொண்டு கிளம்பலாம். முடியாவிட்டால் ஐந்தாம் நாள், ஆறாம் நாள் என்று ஒரு நாள் குறித்து வாங்குங்கள்.

முதல் 24 மணி நேரத்துக்குள் மூத்திரம் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். ஆண் பிள்ளையாக இருந்தால் பீச்சிப் போகிறதா, சொட்டுச் சொட்டாக வருகிறதா என்பதையும் கவனியுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, வாந்தி எதுவானாலும் மருந்துக்கடை வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி, கிட்னி விஷயத்தைச் சொல்லி மூத்திரத்தைக் கல்ச்சருக்குக் கொடுங்கள்.

கீழக்கரைக்காரி எழுதியது:

தம்பி, அக்கா சொன்னதோடு இன்னொன்று. முதல் வார ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்று வந்தாலும் நான்காவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் இன்னொன்று கட்டாயம் எடுக்க வேண்டும். முதலில் நார்மலாக இருந்துவிட்டு இரண்டாவதில் தெரிகிற பிள்ளைகளும் உண்டு. அந்த நேரம் பார்த்துத்தான் பெயர் வைக்கிற வேலை, சொந்தக்காரர் வருகை எல்லாம் வந்து சேரும், ஸ்கேன் மறந்துபோகும். பிரசவம் ஆன அன்றைக்கே காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள்.

உங்கள் பக்கம் படகு திங்கள், புதன், சனி இறங்கும் என்றால் செவ்வாய் அல்லது வெள்ளி பாருங்கள். மதுரைக்கு என்றால் அந்தக் கிழமையில் குழந்தை அறுவை சிகிச்சை ஓ.பி. இருக்கிறதா என்று முதல் நாளே போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஸ்கேன் படத்தை மடிக்காமல் கொண்டுபோங்கள், பிள்ளைக்கு மாற்றுத்துணி கூடுதலாக வையுங்கள். மானாமதுரை தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் நனைத்துவிடுவான், அல்லது நனைத்துவிடுவாள்.